ஈற்றில் வந்து ஒட்டிய ஓகாரம்

இத்தாலிய மொழி வகுப்பின் தொடக்க நாள்களில், 'நேசிக்கிறார்கள்' என்னும் பொருளுடைய வினைமுற்றை நான் 'அமானோ' என்று படித்தேன். 'ஆமனோ' என்று ஆசிரியர் திருத்தினார். காரணம் கேட்டேன், 'அது அப்படித்தான்' என்றார். இத்தாலியச் சொற்களில் பெரும்பாலானவை ஈற்றயல் அசையில் அழுத்தம் பெறும் என்று அதற்கு முந்திய வாரம்தான் கற்பித்திருந்தார்கள். படர்க்கைப் பன்மை மட்டும் ஏன் விலகுகிறது? (நெடிலை இங்கே அழுத்தத்தின் அடையாளமாகக் கொள்க. அழுத்தத்தால் பொருளை வேறுபடுத்தாத தமிழ்க் காது அதைத் தேடுவதே இல்லை.)

இலத்தீனில் இச்சொல் 'அமந்த்'. ஈரசைச் சொல்லாதலால் முதலசையில் அழுத்தம். காலப்போக்கில் இறுதித் தகரமெய் தேய்ந்தது. மெய்யீற்றை விரும்பாத தஸ்கனிப் பேச்சு ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்டது. அது ஏன் ஓகாரமாயிற்று? 'சோனோ' என்ற ஒரே வடிவம் 'இருக்கிறேன்', 'இருக்கிறார்கள்' என்னும் இரண்டுக்கும் வழங்குகிறது. தன்மை ஒருமையின் ஓகாரம் அதன் வழியாகப் பன்மைக்குப் பரவியது என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம். அசை ஒன்று கூடியது, அழுத்தம் நகரவில்லை.

இதனால் இலத்தீனில் இடமில்லாத ஒன்று நேர்ந்தது. இலத்தீனில் அழுத்தம் ஈற்றிலிருந்து மூன்றாம் அசையைத் தாண்டாது. 'விரும்புகிறார்கள்' என்பதற்கான 'தேசீதெரந்த்' என்ற சொல்லில் ஈற்றயல் குறிலாதலால் அழுத்தம் 'சீ' மீது. இத்தாலியத்தில் அது தெ-சீ-தெ-ர-னோ. 'சீ' இப்போது நான்காவது!

இறந்தகாலத்தில் நேர்மாறு. 'நேசித்தான்' என்னும் 'அமாவித்' வால் தேய்ந்து, அழுத்தம் பெற்ற அசையே ஈறாக நின்றது. ஆகவே 'ஆமோ' என்றால் நேசிக்கிறேன். ஈற்றை அழுத்தினால் நேசித்தான். இங்கே மட்டும் எழுத்தின் மேல் கட்டாயமாக ஒரு கோடு இடுகிறார்கள். 'ஆமனோ'வுக்கு அந்த உதவியும் இல்லை. கற்பவர் ஒருமையைப் பார்த்துக்கொள்ளலாம்: 'ஆம', 'ஆமனோ', 'தெசீதெர', 'தெசீதெரனோ'. அழுத்தம் இரண்டிலும் ஒரே அசையில்தான்.

இந்த ஓகாரம் வேறிடத்திலும் நுழைந்தது. தன்மை ஒருமைத் தொடர் இறந்தகாலம் இலத்தீன் வழியே அகரத்தில் முடிந்தது. மன்ட்சோனி தம் நாவலின் 1827ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வாறே எழுதி, 1840–42 பதிப்பில் அதை ஃபிளாரன்ஸ் வழக்கின் ஓகாரமாக மாற்றினார். அழுத்தம் அங்கும் அசையவில்லை.

'தொலைபேசியில் பேசுகிறார்கள்' என்பது இத்தாலியத்தில் டெ-லே-ஃபொ-ன-னோ. இலத்தீன் கண்டிராத வினை. அழுத்தம் ஈற்றிலிருந்து நான்காம் அசையில்தான்.