கடல்கோளும் உலக நாடுகளின் கூட்டுமுயற்சியும்

கடல் பொங்கி நிலத்தைக் கவர்ந்துகொள்ளுதலைக் கடல்கோள் என வழங்கினர் பண்டைத் தமிழர். இறையனார் களவியலுரை முச்சங்க வரலாறு கூறுமிடத்து இதனைக் குறிப்பிடுகின்றது. கடலடியில் எழும் நிலநடுக்கத்தை விலக்குதல் இன்றும் மனிதனுக்கு இயலாததே. ஆயினும், அலை கரையை அடையுமுன் மக்களை அகற்றுதல் இயலும் என்பதை அண்மைக்கால வரலாறு காட்டுகின்றது.

1946 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அலூசியன் தீவுகளின் அருகே எழுந்த பேரலை, ஏறக்குறைய 5 மணி நேரத்தின் பின் அவாய்த் தீவுகளைத் தாக்கி 150 பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. நிலநடுக்கத்தின் அதிர்வு நிலத்தினூடே சில நிமிடங்களிற் பரவும்; கடலலையோ பல மணி நேரம் எடுக்கும். இவ்விடைவெளியே எச்சரிக்கைக்கு அடிப்படையாயிற்று. 1949 இல் அமெரிக்கா அவாயில் எச்சரிக்கை நிலையமொன்றை நிறுவிற்று.

ஒரு நாட்டின் முயற்சி போதாதென்பதை 1960 மே 22 இல் நிகழ்ந்த சிலி நாட்டு நிலநடுக்கம் உணர்த்திற்று. அதனால் எழுந்த அலை ஒருநாட் பொழுதளவில் பசுபிக் சமுத்திரத்தைக் கடந்து யப்பானில் நூற்றுக்கு மேற்பட்டோரை மாய்த்தது. இதன் பயனாக 1965 இல் யுனெஸ்கோவைச் சார்ந்த அரசாங்கங்களிடைச் சமுத்திரவியல் ஆணைக்குழு, பசுபிக் நாடுகளை ஓரமைப்பின்கீழ் இணைத்தது.

இந்து சமுத்திரத்திற்கோ அத்தகைய அமைப்பு ஏற்படவில்லை. 2004 டிசெம்பர் 26 இல் சுமாத்திராவின் அருகே நிலம் நடுங்கியதை அவாய் நிலையம் கால்மணி நேரத்திலேயே அறிந்தது. இலங்கையின் கீழ்க்கரையை அலை அடைய ஏறக்குறைய 2 மணி நேரம் சென்றது. அறிவு இருந்தது, அதனைக் கரைக்குக் கொண்டுசெல்லும் வழி இருக்கவில்லை. இலங்கையில் மாத்திரம் 30,000 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அடுத்த மாதமே யப்பானின் கோபே நகரிற் கூடிய உலக மாநாடு இடர் குறைத்தற்கான செயற்றிட்டத்தை ஏற்றது. 2011 இல் இந்தியா, இந்தோனீசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் இந்து சமுத்திர நாடுகளுக்கு எச்சரிக்கை வழங்கத் தொடங்கின. 2012 ஏப்பிரல் 11 இல் சுமாத்திராவின் அருகே மீண்டும் பெருநடுக்கம் நேர்ந்தபோது, எச்சரிக்கை பல நாடுகளையும் எட்டிற்று. கரையோர மக்கள் உள்நாடு நோக்கி விரைந்தனர்.

எனினும், கருவிகள் மாத்திரம் உயிர் காப்பனவல்ல. 1960 இல் அவாயின் ஈலோ நகரில் எச்சரிக்கைச் சங்கு முன்னரே ஒலித்தது. அதன் பொருளைத் தெளியாது கரையில் நின்றோர் பலர். அங்கு 61 பேர் இறந்தனர். நாடுகள் ஒன்றுகூடி அனுப்பும் செய்தி, அதனை உணர்ந்து நடக்கும் மக்களாலேயே பயன்பெறும். அவ்வுணர்வை ஊட்டுதல் பள்ளிகளின் கடனாம்.