ஒரே கூரை, இரு மாநிலம்: தென்திருவிதாங்கூர்த் திரையரங்குகளின் வரலாறு

கேரளத் திரையரங்குகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் திரிச்சூரில் தொடங்குவார்கள். அங்கே ஜோஸ் காட்டூக்காரன் 1907இல் பயாஸ்கோப் காட்சிகளைத் தொடங்கி, 1913இல் நிலையான அரங்கு ஒன்றை அமைத்தார். தமிழ்நாட்டு வரலாறு கோவையிலோ சென்னையிலோ தொடங்கும். திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அதே ஆண்டில் சென்னையில் வெங்கையாவின் கெயிட்டி எழுந்தது. இரண்டு வரலாறுகளுக்கும் நடுவே கைவிடப்பட்ட ஒரு நிலப்பகுதி உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை நீளும் தென்திருவிதாங்கூர்தான் அது.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. ஆட்சி எல்லை நகர்ந்ததோடு சினிமா வரலாறும் இரண்டாக வெட்டப்பட்டது. நாகர்கோவில்காரர்களின் முயற்சி மலையாள சினிமா வரலாற்றின் முன்னுரையாகச் சுருங்கியது. திருவனந்தபுரத்து அரங்குகளைத் தமிழ் ஆய்வாளர்கள் தமக்குரியவையாகக் கருதவில்லை. இந்த வட்டாரத்தின் பழைய அரங்குகளை ஒரே வரலாறாகப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. அப்படிப் படித்தால், அரங்குக்குள் யார் உட்காரலாம் என்ற கேள்வியும் திரையில் யார் தோன்றலாம் என்ற கேள்வியும் வெவ்வேறு வேகத்தில் விடை கண்டதைப் பார்க்க முடியும்.

தொடக்கம் கேபிட்டல் திரையரங்கு. திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் அருகே இருந்த இந்த அரங்கின் சுவடு இன்று அங்கே இல்லை. ஆனால் மலையாளத்தின் முதல் இரண்டு மௌனப் படங்களும் இங்கேதான் மக்கள் முன் வந்தன. முதல் படமான ‘விகதகுமாரன்’ அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி.டானியல் எடுத்தது. சொந்த நிலத்தை விற்ற பணத்தில், திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்டூடியோவை அவர் அமைத்தார். படம் வெளியான நாள் 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் 1930 அக்டோபர் 23 என்ற தேதியை முன்வைத்தார்கள். இப்போது பலரும் ஏற்பது அதையே. திருவனந்தபுரம் நகருக்கு அரசு மின்சாரம் 1929இல்தான் வந்தது என்பதையும் இந்த விவாதத்தில் சேர்த்துப் பார்க்கலாம். சொந்த எஞ்சின் வைத்து ஒளி உண்டாக்கிய பயாஸ்கோப்காரர்கள் அதற்கு முன்பே பலர் இருந்தார்கள் என்பதால், மின்சாரம் மட்டும் தேதியைத் தீர்மானித்துவிடாது. ஆனாலும் நிலையான அரங்கு ஒன்று நாள்தோறும் காட்சி நடத்தும் சூழல் இந்த நகரில் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது என்று கொள்வதில் தடையில்லை.

அன்றைய முதல் காட்சியில் நடந்ததை இந்த வட்டாரத்தின் சினிமா வரலாறு கடந்து போக முடியாது. படத்தில் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடித்த பி.கே.ரோசி, புலையர் சமூகத்தில் பிறந்தவர். காக்காரிசி என்னும் நாட்டுப்புற நாடகங்களில் நடித்தவர். திறப்பு விழாவுக்கு வர வேண்டிய பெரிய மனிதர்கள், ரோசி அரங்குக்குள் இருந்தால் தாங்கள் வரமாட்டோம் என்று சொன்னதாகப் பிற்காலப் பதிவுகள் கூறுகின்றன. படத்தைத் தொடங்கிவைத்தவர் வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப்பிள்ளை. நாயகியின் கூந்தலில் இருந்த பூவை நாயகன் முத்தமிடும் காட்சி வந்ததும் கூட்டம் கொதித்தெழுந்தது. திரை மீது கல் எறியப்பட்டது. தன் முதல் படத்தைப் பார்க்க வந்த நடிகைக்கு அந்த அரங்கில் இடம் கிடைக்கவில்லை. அவருடைய குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் தப்பியோடிச் சேர்ந்த ஊர் நாகர்கோவில். அங்கே ராஜம்மாள் என்ற பெயரில், தான் ஒரு காலத்தில் நடிகை என்பதை வெளியில் சொல்லாமல் வாழ்ந்து மறைந்தார்.

இலங்கைத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் வெளியிட்ட ஆய்வில், தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் நிகழ்கலைக் கூடம் திரையரங்கே என்று வாதிட்டார். கோயில் மண்டபத்திலும் சபாவிலும் பிறப்பு இடத்தைத் தீர்மானித்தது. அரங்கிலோ கையிலிருக்கும் காசு தீர்மானித்தது. பெரிதும் சரியான கணிப்பு. திரைப்பட வரலாற்றாசிரியர் தியடோர் பாஸ்கரன் போன்றோரின் ஆய்வுகள் காட்டும் தமிழகச் சூழலுக்கும் அது பொருந்தும். ஆனால் கேபிட்டல் நிகழ்வு அதோடு ஒரு திருத்தத்தைச் சேர்க்கச் சொல்கிறது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12 அன்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, கோயிலுக்குள் போக முடியாதவர் சீட்டு வாங்கி அரங்குக்குள் போக முடிந்தது. அதே மனிதர் திரையில் மேல்சாதிப் பெண்ணாகத் தோன்றியபோது கல் விழுந்தது. இருக்கையை விற்ற சந்தை, திரையை விற்கத் துணியவில்லை. மலையாளத் திரையின் முதல் நாயகியின் வாழ்க்கை அந்த இடைவெளியில்தான் நொறுங்கியது.

இரண்டாவது படத்துக்கும் கேபிட்டல் ராசியான இடமாக அமையவில்லை. சி.வி.ராமன் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய ‘மார்த்தாண்ட வர்மா’ 1933இல் வெளியானது. தயாரித்தவர் டானியலின் உறவினர் ஆர்.சுந்தர்ராஜ், நிறுவனம் நாகர்கோவிலைச் சேர்ந்த ராஜேஸ்வரி பிலிம்ஸ், இயக்கியவர் பி.வி.ராவ். நாவலின் பதிப்புரிமையை வைத்திருந்த கமலாலயா புத்தக நிலையம் வழக்குத் தொடுக்க, படம் ஓட்டம் நின்றது. பிரதி பதிப்பகத்தார் வசம் போனது. 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றுக் காத்தது. நாகர்கோவில்காரர்களின் பணத்தில் உருவாகித் திருவனந்தபுரத்து அரங்கில் முடங்கிய படம், வழக்கில் சிக்கியதால்தான் இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. வழக்கு இல்லாத ‘விகதகுமார’னின் பிரதி அழிந்துவிட்டது.

டானியலின் முடிவும் எல்லையின் கதைதான். கடனில் மூழ்கிய அவர் பல் மருத்துவத்தை நம்பித் தமிழகத்து ஊர்களில் வாழ்ந்தார். முதுமையில் உதவித்தொகை கோரியபோது, தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லி அவரை மறுத்ததாகப் பதிவுகள் உண்டு. பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் விடாமல் எழுதியதால் அவர் பெயர் மீண்டது. 1975இல் அவர் இறந்தார். கேரள அரசு அவர் பெயரில் விருது நிறுவியது 1992இல். பிறந்த ஊர் ஒரு மாநிலத்திலும் உழைத்த அரங்கு மறு மாநிலத்திலும் ஆகிவிட்ட ஒருவருக்கு நேர்ந்த அநீதி இது.

இனி அரங்குகள் பெருகிய காலத்துக்கு வருவோம். திருவனந்தபுரத்தில் திரையரங்குகள் ஏன் தம்பானூரைச் சுற்றி மொய்த்தன என்பதற்கு விடை ரயில் பாதையில் இருக்கிறது. நகருக்கு ரயில் 1918இல் வந்தாலும், நிலையம் தம்பானூருக்கு வந்தது 1931இல். படப்பெட்டி ரயிலில்தான் வரும். பேருந்து நிலையமும் பக்கத்திலேயே அமைந்தபின், நெடுமங்காட்டிலிருந்தும் ஆற்றிங்கலிலிருந்தும் வந்து படம் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்போருக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. நியூ, ஸ்ரீகுமார், ஸ்ரீவிசாக், பின்னாளில் எஸ்.எல்., அரசின் கைரளியும் ஸ்ரீயும் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்தவை. மறுபுறம் கிழக்கேகோட்டையில் ஸ்ரீபத்மநாபா. தமிழ் வணிகர்களும் சுமைதூக்கும் தொழிலாளர்களும் நிறைந்த சாலைக் கடைத்தெருவிலிருந்து அது நடந்து போகும் தூரம். எழுத்தாளர் ஆ.மாதவன் கதைகளில் வரும் மனிதர்கள் வாழ்ந்த தெரு அது. தமிழ்ப் படங்கள் மொழிமாற்றம் இல்லாமலே ஓடும் பழக்கம் இந்த நகரில் உறுதிப்பட்டதற்கு, கோட்டையிலும் கரமனையிலும் சாலையிலும் வாழ்ந்த தமிழர்களே முதல் காரணம்.

நாகர்கோவிலுக்கோ ரயில் 1979 வரை வரவில்லை. அதுவரை பெட்டி சாலை வழியாகவே போக வேண்டியிருந்தது. சிற்றூர்களுக்குப் படம் தாமதமாக வந்ததன் வேர்களில் இதுவும் ஒன்று.

இந்தக் காலத்தின் பெரும்புள்ளி பி.சுப்ரமணியம். நாகர்கோவிலில் 1910இல் பிறந்தவர். அரங்கு உரிமையாளராக இருந்து தயாரிப்புக்கு வந்தவர். 1951இல் நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டூடியோவைத் தொடங்கினார். அதன் முதல் படமான ‘ஆத்மசகி’ (1952) நடிகர் சத்யனைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஆலப்புழையில் குஞ்சாக்கோவின் உதயா, தலைநகரில் சுப்ரமணியத்தின் மெரிலாண்ட் என்று மலையாள சினிமா இருபது ஆண்டுகள் இரண்டு முனைகளில் இயங்கியது. சுப்ரமணியத்தின் பலம் அரங்கை அறிந்திருந்ததுதான். எந்தப் படத்துக்குப் பெஞ்ச் நிறையும், எதற்குக் குடும்பங்கள் வரும் என்பதை வசூல் கணக்கில் பார்த்துப் பழகியவர். ‘குமாரசம்பவம்’ (1969), ‘சுவாமி ஐயப்பன்’ (1975) போன்ற பக்திப் படங்களை அவர் தொடர்ந்து எடுத்ததைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது அரங்குக்காரரின் கணிப்பாகவே படுகிறது. சினிமாவுக்குப் போகத் தயங்கிய வீட்டுப் பெண்களும் முதியவர்களும் வண்டி கட்டி வந்தது அந்தப் படங்களுக்குத்தான்.

சிற்றூர்க் கொட்டகைகள் தனி உலகம். 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு, திருவிதாங்கூர் முழுவதும் மின்கம்பி படிப்படியாகப் பரவ, ஓலைக் கொட்டகைகளும் பரவின. சுவர் இடுப்பு உயரம், மேலே தென்னோலை, முன்னால் மணல் தரை, பிறகு பெஞ்ச், கடைசியில் நாற்காலி. பெண்களுக்குத் தனிப் பக்கம். நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும் என்பதால் ஆப்பரேட்டர் அறையை மட்டும் கல்லும் காரையும் கொண்டு கட்ட வேண்டும். வாசலில் மணல் வாளி தொங்க வேண்டும். 1950களின் தொடக்கத்தில் எளிதில் தீப்பற்றாத பிலிம் வந்தபிறகும் அந்த விதிகள் நீடித்தன. ஒரே புரொஜெக்டர் உள்ள கொட்டகையில் ஒவ்வொரு ரீலுக்கும் படம் நிற்கும். ஒளி கார்பன் குச்சிகளிலிருந்து வரும். இரண்டு குச்சிகளின் நுனிகளுக்கு இடையே வில்லாக எரியும் சுடரைச் சரியான இடைவெளியில் வைத்திருப்பது ஆப்பரேட்டரின் கைப்பக்குவம். கவனம் தப்பினால் திரை மஞ்சளித்து, தரையிலிருந்து விசில் கிளம்பும். ஒரே பிரதியை இரண்டு ஊர்களில் ஓட்டும்போது, முதல் ஊரில் ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு விரைவார்கள்.

விநியோகத்தில் அரங்குகளை ஏ, பி, சி என்று தரம் பிரித்தார்கள். தம்பானூரில் வெளியான படம் நகராட்சி ஊருக்கு வரச் சில வாரங்கள் ஆகும்; சி வகுப்புக் கொட்டகைக்கு வரப் பல மாதம் ஆகும். அந்தத் தாமதமே சிற்றூர் அரங்கின் பிழைப்பு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பழைய பிரதிக்கு வாடகை குறைவு. அதனால் சீட்டு விலையும் குறைவு. கூலி வேலை செய்பவர் வாரம் ஒரு படம் பார்க்க முடிந்தது இதனால்தான்.

உள்ளாட்சிகளுக்கும் அரங்கு வேண்டியிருந்தது. 1961ஆம் ஆண்டின் கேரள உள்ளாட்சி கேளிக்கை வரிச் சட்டம், சினிமாச் சீட்டின் மீதான வரியைப் பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் கொடுத்தது. தெருவிளக்குக்கும் ஓடைக்கும் கொட்டகைச் சீட்டிலிருந்து காசு வந்தது. 1975இல் தொடங்கப்பட்ட கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் சேர்த்தலை, சித்தூர் போன்ற சிற்றூர்களிலும் அரங்கு கட்டியது. அரசே சிற்றூரில் திரையரங்கு கட்டுவது இந்தியாவில் அபூர்வம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு முயற்சி வேர்விடவில்லை என்பது நமக்கு இழப்பே.

சரிவு பலமுனைகளிலிருந்து வந்தது. 1985இல் தூர்தர்ஷனின் மலையாள ஒளிபரப்பு, வீடியோ கேசட், 1993இல் ஏசியாநெட் தொலைக்காட்சி. 2000இல் ‘கின்னாரத்தும்பிகள்’ என்ற பாலியல் கவர்ச்சிப் படம் வசூலை அள்ளியபின் சில ஆண்டுகள் பல சிற்றூர் அரங்குகள் அத்தகைய படங்களை நம்பியே கதவைத் திறந்துவைத்தன. உரிமையாளர்களைப் பழிப்பது எளிது. ஆனால் அந்தச் சில ஆண்டுகளில் பெண்கள் அரங்கைவிட்டு அகன்றார்கள். சுப்ரமணியத்தின் தலைமுறை பாடுபட்டு வரவழைத்த பார்வையாளர்கள் அவர்கள். பிறகு செயற்கைக்கோள் வழிப் படம் அனுப்பும் முறை வந்தது. 2006இல் வெளியான ‘மூன்னாமதொராள்’ மலையாளத்தில் அதற்கு முன்னோடி. எல்லா ஊரிலும் ஒரே நாளில் படம் வந்துவிட, பி, சி வகுப்புகளுக்கு இருந்த காரணமே போனது. புதிய கருவிக்கும் குளிரூட்டிக்கும் முதலிட முடிந்தவர் நிலைத்தார். மற்றவர்களின் கொட்டகைகள் கல்யாண மண்டபங்களும் கிடங்குகளும் ஆயின. திருவனந்தபுரத்தின் பழைய ஒற்றைத் திரை அரங்குகள் சில பிழைத்திருப்பதற்கு, ஆண்டுதோறும் அங்கே நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவும் ஒரு துணை. கொரோனா முடக்கத்துக்குப்பின் 2021 ஜனவரி 13 அன்று கேரள அரங்குகள் மீண்டும் திறந்தபோது திரைக்கு வந்தது ஒரு தமிழ்ப் படம், விஜய்யின் ‘மாஸ்டர்’.

இந்த வரலாற்றை முழுமையாக எழுதத் தேவையான ஆதாரங்கள் இன்னும் சிதறிக் கிடக்கின்றன. 1956க்கு முந்திய குமரி அரங்குகளின் உரிம ஆவணங்களைத் திருவிதாங்கூர் அரசின் கோப்புகளுக்குள்தான், அதாவது திருவனந்தபுரத்திலுள்ள ஆவணக் காப்பகத்தில்தான் தேட வேண்டும். பிந்தியவற்றைத் தமிழ்நாட்டு மாவட்ட அலுவலகங்களில் தேட வேண்டும். கேளிக்கை வரிப் பதிவேடுகள் உள்ளாட்சி அலுவலகங்களில் கழிவுத்தாளாகப் போகும் நிலையில் இருக்கின்றன. இரு மாநில ஆவணக் காப்பகங்களும் இவற்றைச் சேர்ந்து பட்டியலிட வேண்டும். கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களில் உங்கள் வீட்டாரில் எவரேனும் அரங்கு நடத்தியிருந்தால், ஆப்பரேட்டராக இருந்திருந்தால், சீட்டுப் புத்தகத்தையும் வசூல் கணக்கையும் படநோட்டீசையும் பழைய காகிதக்காரரிடம் போடாதீர்கள். அருகிலுள்ள கல்லூரி நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுங்கள்.