ஓரச்சு வடத்தின் கதை

வானொலிப் பெட்டியைப் போற்றுவோர் பலர். கூரையின்மேல் உயர்ந்து நிற்கும் ஏரியலை அண்ணாந்து பார்ப்போரும் உண்டு. இவ்விரண்டையும் இணைத்துச் சுவரோரமாக இறங்கி வரும் கறுப்பு வடத்தை ஏறெடுத்துப் பார்ப்பவர் எவருமில்லை. அதைக் 'கோ ஆக்ஸியல்' வடம் என்பர். நடுவே ஒரு செப்புக் கம்பி. அதைச் சுற்றி மின்சாரம் கடத்தாத ஒரு பொருள். அதன்மேல் செப்பு இழைகளால் பின்னிய உறை. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்புத் தோல். கம்பிக்கும் உறைக்கும் அச்சு ஒன்றே. ஆகவே 'ஓரச்சு வடம்' என்று தமிழில் வழங்கலாம்.

இதன் கதை கடலடியில் தொடங்குகிறது. 1858ஆம் ஆண்டு அட்லாண்டிக் மாகடலின் அடியில் முதல் தந்தி வடம் இடப்பட்டது. விக்டோரியா அரசியாரின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி அக்கரை சேரச் சுமார் 16 மணி நேரம் பிடித்தது. வேகத்தைக் கூட்ட எண்ணி மிகுந்த மின்னழுத்தத்தைச் செலுத்தினார்கள். ஏற்கெனவே பழுதுபட்டிருந்த வடம் சில வாரங்களிலேயே ஊமையாகிவிட்டது. கம்பியை வெறும் குழாய் என்றும், மின்சாரத்தை அதில் ஓடும் நீர் என்றும் எண்ணுவது பிழை என்பதை அறிஞர்கள் உணரத் தலைப்பட்டனர்.

அவ்வுண்மையைக் கணித வாயிலாகத் தெளிவுபடுத்தியவர் ஆலிவர் ஹெவிசைடு. இளமையிலேயே செவிப்புலன் குன்றியவர்; தந்தி அலுவலராகச் சில ஆண்டுகள் பணிபுரிந்து, பின்னர் வேலையைத் துறந்து தனியறையில் ஆராய்ச்சியில் மூழ்கியவர். அருகருகே ஓடும் கம்பிகள் ஒன்றின் செய்தியை மற்றொன்று கலைப்பதைத் தவிர்க்க, ஒரு கடத்தியை மற்றொரு கடத்தி குழாய்போல் சூழ்ந்திருக்கும் அமைப்புக்கு அவர் 1880இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். காது மந்தமான ஒருவரே உலகின் பேச்சுக்கு வழி வகுத்தார் என்பது வியப்புக்குரியது.

அரை நூற்றாண்டு கழித்து, 1929இல், அமெரிக்காவில் எஸ்பன்ஷீட், ஆபெல் என்னும் பொறியியலார் இருவர் பல தொலைபேசி உரையாடல்களை ஒரே வேளையில் தாங்கும் ஓரச்சு வடத்துக்குக் காப்புரிமை கோரினர். 1933இல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பாலிதீன், இரண்டாம் உலக யுத்தத்தில் ராடார் கருவிகளின் வடங்களுக்கு உகந்த காப்புப் பொருளாயிற்று. யுத்தம் முடிந்ததும் உபரியான இராணுவச் சாமான்கள் சந்தைக்கு வந்தன. வீட்டிலே நிலையம் அமைத்துப் பேசிப் பழகும் 'அமெச்சூர்' அன்பர்கள் அவற்றை ஆவலோடு வாங்கினர். ஆர்.ஜி. 8, ஆர்.ஜி. 58 என்று கடைகளில் வழங்கும் பெயர்கள் அந்த இராணுவப் பட்டியலின் எச்சங்களே.

இவ்வரலாற்றை அறிந்தவருக்கு வடத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. வடத்தின் இயல்பு 'ஓம்' என்னும் அளவையால் குறிக்கப்படும். காற்றே காப்பாக அமைந்த வடத்தில் 77 ஓம் அளவில் இழப்பு மிகக் குறைவு. 30 ஓம் அளவில் தாங்கும் சக்தி மிக அதிகம். இரண்டுக்கும் நடுவழியாக அமைந்தது 50 ஓம். ஒலிபரப்பும் கருவிகள் பெரும்பாலும் இதற்கேற்பவே செய்யப்படுகின்றன. தொலைக்காட்சிக்குரிய 75 ஓம் வடத்தை, மலிவு என்பதற்காக மட்டும் வாங்கலாகாது.

அடுத்தது பருமன். விரல் பருமனில் பாதிகூட இல்லாத ஆர்.ஜி. 58 வடம் 30 மீட்டர் நீளத்தில், 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஏறத்தாழக் கால் பங்கு சக்தியைத்தான் விழுங்கும். அதே வடம் 144 மெகாஹெர்ட்ஸில் முக்கால் பங்கை வெப்பமாக்கிவிடும். அங்கே தடித்த ஆர்.ஜி. 213 வேண்டும், அதிலும் பாதியளவு இழப்பு உண்டு. ஆகவே பெட்டிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை வடத்துக்கு ஒதுக்குவதும், வடத்தைக் கூடியமட்டும் குறுக்குவதும் அறிவுடைமை. இணைப்பு முனைகளைப் பற்றாசு வைத்து, மழைநீர் புகாதபடி மூடுவது அவசியம். ஈரம் புகுந்த வடம் பயனற்றது. இடிதாங்கும் நிலத்தொடர்பும் வேண்டும். நம் நாட்டில் இதற்கெல்லாம் முதற்படி, தேர்வெழுதி மத்திய அரசின் உரிமம் பெறுவது.

இது வெறும் பொழுதுபோக்கா? 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் நிகோபார் தீவுகளைத் தாக்கியபோது, தொலைபேசித் தொடர்புகள் பெரும்பாலும் அறுந்தன. அவ்வேளையில் பாரதி பிரசாத் அம்மையார் முதலிய அமெச்சூர் அன்பர்கள், வேறு நோக்கத்துக்காகப் போர்ட் பிளேரில் அமைத்திருந்த நிலையத்திலிருந்து தீவுகளின் செய்தியைத் தாய்நிலத்துக்கு அனுப்பினார்கள். அத்தீவுகளில் தமிழ்க் குடும்பங்களும் மிகுதி. 'உயிரோடு இருக்கிறார்' என்ற ஒரே சொல்லுக்காக எத்தனை வீடுகள் காத்திருந்திருக்கும்!

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு அச்சொல்லின் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை. அது வந்து சேரும் கடைசி முப்பது மீட்டர்தான் அந்தக் கறுப்பு வடம். அதை நன்றாகத் தேர்ந்து, நன்றாகப் பேணுவோம்.