பத்து நிமிஷ இன்ஜினும் ஆறு மணி நேர இன்ஜினும்

2024 அக்டோபர் 6-ஆம் தேதி மெரினா விமான சாகசத்துக்குப் போனவங்களுக்கு சாரங் அணி கண்டிப்பா ஞாபகம் இருக்கும். உடம்பெல்லாம் மயில் வரைஞ்ச துருவ் ஹெலிகாப்டர்கள், ஒண்ணோட ரோட்டர் இன்னொண்ணை உரசிடுமோன்னு பயமுறுத்திட்டுப் போச்சே, அதேதான். (அன்னைக்குக் கூட்டத்துலயும் வெயில்லயும் நடந்த சோகம் தனி எபிசோடுக்கான விஷயம். அதை இங்கே கலக்க விரும்பல.)

இன்னைக்குப் பேசப்போறதும் ஹெலிகாப்டர் சாகசம்தான். ஆனா பைலட் உள்ளே இல்லை, கீழே புல்தரையில ரிமோட்டோட நிக்கிறார். உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்துற மாடல் விமானப் போட்டிகள்ல எஃப்3சி-ன்னு ஒரு பிரிவு இருக்கு. மாடல் ஹெலிகாப்டர்களுக்கான துல்லிய சாகசம். முதல்ல அந்தரத்துல நின்னு காட்டணும். ஆடாம, நகராம, சொன்ன இடத்துல சொன்ன நேரம். அப்புறம் லூப், ரோல். கடைசியில இன்ஜின் சக்தியே இல்லாம, சுத்திட்டு இருக்கிற இறக்கையில மிச்சமிருக்கிற வேகத்தை மட்டும் வெச்சு வட்டத்துக்குள்ள இறக்கணும். ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவாங்க. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய பத்து நிமிஷம்.

பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனா மெஷின் உங்களைப் பார்த்து வரும்போது இடது வலது ரெண்டும் மாறிடும். நம்ம தாம்பரம் விமானப்படை நிலையத்துல 1954-லேர்ந்து பறத்தல் பயிற்றுநர் பள்ளி இருக்கு, ஹெலிகாப்டர் பயிற்றுநர்களும் அங்கேதான் தயாராகிறாங்க. அவங்களுக்குக்கூட இந்தக் குழப்பம் கிடையாது. அவங்க உள்ளே உட்கார்ந்திருக்காங்க.

சரி, இதுல எனக்குப் பிடிச்ச கேள்வி எரிபொருள். இந்த மாடல்களுக்கு ஏன் பெட்ரோல் போடல?

ரிமோட் ஹெலிகாப்டரை உருப்படியா பறக்கவிட்டவர்னு பெரும்பாலும் சொல்ற பெயர் ஜெர்மனிக்காரர் டீட்டர் ஷ்லூட்டர். 1970 வாக்குல அவர் ஹியூகோப்ரா மாடலைப் பறக்கவிட்டார். அந்தக் காலத்துலேர்ந்து இந்த மாடல்கள் ஓடினது மெத்தனால்ல. மெத்தனால், எண்ணெய், கூடவே கொஞ்சம் நைட்ரோமீத்தேன்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு, பயப்படாதீங்க. ஒரு கிலோ பெட்ரோல்ல சுமார் 44 மெகாஜூல் ஆற்றல், மெத்தனால்ல சுமார் 20. அப்போ பெட்ரோல்தானே ஜெயிக்கணும்? இல்லை. சின்ன இன்ஜினுக்குப் பஞ்சம் எரிபொருள்ல இல்லை, காத்துலதான். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காத்து வேணும். மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். அதனால ஒரே அளவு காத்துக்குக் கணக்குப் போட்டா ரெண்டும் ஏறக்குறைய சமம். நைட்ரோமீத்தேனுக்கோ 1.7 கிலோ காத்தே போதும், ஏன்னா ஆக்சிஜனைத் தன் மூலக்கூறுலயே சுமந்துட்டு வருது. அதே காத்துக்கு ரெண்டு மடங்குக்கு மேல ஆற்றல். மெத்தனால் ஆவியாகும்போது இன்ஜினைக் குளிரவும் வைக்கும். பத்து நிமிஷம் உச்சத்துல உழைக்கணும்னா இதைவிட நல்ல கலவை இல்லை.

பெட்ரோலுக்கு முயற்சி நடக்காமல் இல்லை. ஜப்பானின் ஸெனோவா கம்பெனியின் 23 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஹெலிகாப்டர் மாடல்களுக்குள்ள வந்தது. புல்வெட்டும் மெஷின் வம்சம் அது. (ஆடியோவில் அந்தச் சத்தத்தைப் போட்டேன். படிக்கிறவங்க பக்கத்து அபார்ட்மென்ட்ல தோட்டக்காரர் காலையில ஸ்டார்ட் பண்றதை நினைச்சுக்கோங்க.) அதோட எடை அதிகம், அதிர்வு அதிகம், சூடு அதிகம். விமானத்துல எதிர்க்காத்து இன்ஜினைக் குளிர்விக்கும். அந்தரத்துல நிக்கிற ஹெலிகாப்டருக்கு அந்த வசதி இல்லை, தனி ஃபேன் வெச்சாகணும். பழைய ரேடியோ கருவிகள்ல ஸ்பார்க் பிளக்கோட மின்பொறி சிக்னலைக் குழப்பும்ங்கிற பயம் வேற. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் வந்தப்புறம்தான் அது குறைஞ்சது.

அதே சமயம், அந்தரத்துல நிக்கிற பகுதிக்குப் பெட்ரோல் இன்ஜின் மோசமில்லைன்னு நான் நினைக்கிறேன். மெத்தனால் இன்ஜினுக்கு ஊசி வால்வை அன்னைய வெயிலுக்கும் ஈரப்பதத்துக்கும் ஏத்த மாதிரி திருகணும். பெட்ரோல் இன்ஜின் ஒரு தடவை செட் ஆச்சுன்னா ஒரே சீரா ஓடும். லூப், ரோல்னு வரும்போதுதான் மூச்சு வாங்கும். போட்டியில மதிப்பெண் போறது அங்கேதான்.

ஜெர்மனியும் ஜப்பானும் யோசிக்காத ஒரு விஷயம் நம்ம ஊர்ல இருக்கு. தமிழ்நாட்டில் மெத்தனால் சாதாரணச் சரக்கு இல்லை. 1959-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் உரிமம் வேண்டிய பொருள். ஏன்னு நமக்கு நல்லாவே தெரியும். 2023 மே மாசம் செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டங்கள்ல மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடிச்சது. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60-க்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. அந்தக் கட்டுப்பாடு இருந்தே ஆகணும், பொழுதுபோக்குக்காக யாரும் அதைத் தளர்த்தச் சொல்ல முடியாது. ஆக, சேலையூர்ல இருக்கிற ஒரு பையனுக்கு மாடல் ஹெலிகாப்டர் ஆசை வந்தா, உலகச் சாம்பியன்கள் போட்ட எரிபொருள் அவன் கைக்கு லேசுல வராது. ஜிஎஸ்டி ரோடு பங்க்ல பெட்ரோல் வாங்கலாம், கூட டூ-டி ஆயில். அப்பா ஓட்டின ஆர்எக்ஸ் 100-க்கு ஊத்தின அதே கலவை.

ஆர்எக்ஸ் 100-னு சொன்னதும் யமஹா. பெட்ரோல் ஹெலிகாப்டரோட நிஜமான வெற்றி அவங்களோடது. ஜப்பான் கிராமங்கள்ல வயசானவங்க மட்டும் மிஞ்சினதால, வயலுக்கு மருந்தடிக்க ஆளில்லா ஹெலிகாப்டர் தேவைப்பட்டது. 1987-ல் ஆர்-50 வந்தது. 98 சிசி டூ-ஸ்ட்ரோக், தண்ணியில குளிர்விக்கிற இன்ஜின், 20 கிலோ சுமை. 1997-ல் ஆர்மேக்ஸ், 246 சிசி. லூப் அடிக்கத் தேவையில்லை, நெல் வயல் மேல நேர்கோட்டுல ஒரே உயரத்துல போனா போதும். மூச்சு வாங்குதுன்னு ஒதுக்கின இன்ஜினுக்கு அது சொந்த மைதானம். (அதே யமஹாவோட பைக் ஃபேக்டரி இப்போ ஒரகடம் பக்கத்துல வல்லம் வடகால்ல இருக்கு.)

இப்போ குரோம்பேட்டைக்கு வருவோம். சி. ராஜம் 1949-ல் தொடங்கின எம்ஐடி. அங்கே பேராசிரியர் கே. செந்தில்குமார் வழிகாட்டின தக்ஷா குழு, 2012-ல் அமெரிக்காவின் டார்பா நடத்தின யுஏவி ஃபோர்ஜ் போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போனது. அந்தப் போட்டியில எந்த அணியும் பணியை முழுசா முடிக்கல, பரிசே யாருக்கும் கிடைக்கல. எனக்கு அது தோல்வியாத் தெரியல. அந்தக் காலத்து பேட்டரிக்கும் கம்ப்யூட்டருக்கும் அந்தப் பணி பெரிசு.

2018-ல் தக்ஷாவுக்கு ஆலோசகரா, சோதனை பைலட்டா அஜித் குமார் வந்தார். ('தல'ன்னு கூப்பிடாதீங்கன்னு அவரே 2021-ல் கேட்டுக்கிட்டார், மதிப்போம்.) அவர் ஏற்கெனவே ரிமோட் ஹெலிகாப்டர் பறக்கவிடுறவர். சினிமாக்காரர் போஸ் கொடுக்க வந்தார்னு நினைச்சவங்களுக்கு ஒரு விஷயம்: இடது வலது மாறும்போது குழம்பாத கைக்கு, ட்ரோன் தானா ஓடுறப்போகூட மதிப்பு உண்டு. மென்பொருள் சொதப்பினா அந்தக் கைதான் அதைக் காப்பாத்தணும். நான் எழுதுற கோட் சொதப்பினா சர்வர்தான் விழும், தலைமேல எதுவும் விழாது.

அந்த வருஷம் செப்டம்பர்ல ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துல டால்பி ஊர்ல மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டி. தொலைவுல தனியா இருக்கிற 'ஜோ' என்ற நோயாளியிடம் ட்ரோன் தானாகவே போய் இறங்கி, ரத்த மாதிரியை எடுத்துட்டுத் திரும்பணும். வழியில திடீர்னு பறக்கத் தடைப் பகுதிகளும் வரும். தக்ஷா இரண்டாம் இடம். அதே காலத்துல அவங்க ஹைப்ரிட் ட்ரோன் ஆறு மணி நேரத்துக்கு மேல பறந்ததாகவும் செய்தி வந்தது. ஹைப்ரிட்னா பொதுவா ஒரு பெட்ரோல் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுத்தும், அந்த மின்சாரம் மோட்டார்களுக்குப் போகும். அதிர்வையும் சூட்டையும் இன்ஜின் தனியா ஓரமா வெச்சுக்கும், துல்லியத்தை மோட்டார் பார்த்துக்கும்.

சாகசப் போட்டியில இப்போ மெத்தனாலும் பின்னுக்குப் போயிடுச்சு. பேட்டரியும் மின்மோட்டாரும் அந்தப் பத்து நிமிஷத்தை எடுத்துக்கிச்சு.

நம்ம பக்கத்துல முயற்சி பண்ணணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. 2021 ட்ரோன் விதிகள்படி 25 கிலோ வரை, பொழுதுபோக்குக்கும் படிப்புக்கும், கண்ணுக்கெட்டும் தூரத்துல பறக்கவிடுறது மாடல் வகை. ஆனா குரோம்பேட்டையும் தாம்பரமும் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கும் விமானப்படை நிலையத்துக்கும் பக்கத்துல இருக்கு. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல உங்க இடம் என்ன கலர்னு முதல்ல பாருங்க. சிவப்புன்னா அனுமதி இல்லாம வீட்டு மொட்டை மாடியிலகூட ஸ்டார்ட் பண்ணாதீங்க. பச்சை மண்டலம் தேடி ஜிஎஸ்டி ரோட்டுல தெற்கே வெகுதூரம் போக வேண்டியிருக்கும். காலையில ஆறு மணிக்கே கிளம்புங்க, பெருங்களத்தூர் டிராஃபிக் தெரியும்ல.