ஏலச் சுத்தியலும் வரிசை எண்ணும்

முதல் வீடு வாங்குகிறவருக்குக் கைகொடுக்க 1964இல் இரண்டு அரசுகள் முன்வந்தன. ஆஸ்திரேலியாவில் பிரதமர் மென்சீஸின் அரசு வீட்டுச் சேமிப்பு மானியத்தைக் கொண்டுவந்தது. 36 வயதுக்குட்பட்ட மணமானவர்கள் வீட்டுக்கென்று மூன்று பவுண்டு சேர்த்தால் அரசு ஒரு பவுண்டு போடும். உச்சவரம்பு 250 பவுண்டு. அதே ஆண்டில், அப்போது மலேசியாவின் ஒரு மாநிலமாக இருந்த சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தான் கட்டிய அடுக்குமாடி வீடுகளைக் குடும்பங்களுக்கு விற்கத் தொடங்கியது. சுருக்கமாக வீவக என்று அங்குள்ள தமிழர்கள் சொல்லும் இந்தக் கழகத்துக்கு அப்போது நான்கு வயதுதான்.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு கணக்குப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1960களின் நடுவில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சொந்த வீட்டில் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 66. சிங்கப்பூரில் 1970இல் 29 ஆக இருந்த எண்ணிக்கை இன்று 90ஐ ஒட்டி நிற்கிறது. இரு நாடுகளும் பணம் கொடுத்தன. கொடுத்த பணம் கடைசியில் யார் கைக்குப் போனது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அது நிலத்தில் போய் நிற்கிறது.

பணம் வரும் வழி

இன்றைய ஆஸ்திரேலிய மானியம் 2000 ஜூலை 1 அன்று பிறந்தது. அன்றுதான் 10 விழுக்காடு பொருள் சேவை வரியும் நடைமுறைக்கு வந்தது. புதிய வரியால் வீட்டு விலை ஏறுமே என்று, முதல் வீடு வாங்குகிறவருக்கு 7,000 டாலர் தந்தார்கள். வருமானம் எவ்வளவு என்று கேட்கவில்லை. வீட்டின் விலைக்கும் தொடக்கத்தில் வரம்பு வைக்கவில்லை. 2008 அக்டோபரில், உலக நிதி நெருக்கடியின்போது, பழைய வீட்டுக்கு 14,000, புதிய வீட்டுக்கு 21,000 என்று தொகை பெருகியது. கூடுதல் தொகை 2009 இறுதியோடு நின்றது. பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் புதிய வீட்டுக்கு மட்டும் என்று கையைச் சுருக்கிக்கொண்டன. விக்டோரியா 7,50,000 டாலர் வரையிலான புதிய வீட்டுக்கு 10,000 தருகிறது. குவீன்ஸ்லாந்து தன் தொகையை 2023 நவம்பரில் 30,000 ஆக்கியது.

சிங்கப்பூரில் பணம் வாங்குபவரின் கையில் படுவதே இல்லை. ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதியை (மசேநி) 1968 முதல் வீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்றானது. மானியமும் அந்த மசேநி கணக்கில் விழுந்து, அங்கிருந்து வீட்டு விலைக்குப் போய்விடும். 2019இல் அறிமுகமான மேம்படுத்தப்பட்ட மசேநி வீட்டு மானியம் 2024 ஆகஸ்டில் குடும்பங்களுக்கு அதிகபட்சம் 1,20,000 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) உயர்ந்தது. ஆனால் மாத வருமானம் 9,000 வெள்ளியைத் தாண்டினால் எதுவும் கிடையாது. வருமானம் குறையக் குறையத் தொகை கூடும். விண்ணப்பிப்பவர்களில் ஒருவராவது தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வேலையில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு காட்சிகள்

மெல்பர்னில் வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமைதான் ஏலத்துக்கு வரும். 2009ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமையை நினைத்துக்கொள்வோம். வீட்டு வாசலில் ஏலக்காரர் நிற்கிறார். எதிரே நடைபாதையில் இரண்டு இளம் தம்பதிகள். இருவருக்குமே இது முதல் வீடு. இருவருக்கும் 14,000 டாலர் மானியம் உண்டு. விலையில் பத்தில் ஒரு பங்கைக் கையிலிருந்து போட்டால் மீதிக்கு வங்கி கடன் தரும் என்றால், வருமானம் இடம் கொடுக்கும் வரை, 14,000 என்பது ஏலம் கேட்கும் வலுவை 1,40,000 வரைகூட உயர்த்தும். ஒருவரிடம் மட்டும் மானியம் இருந்தால் அவருக்கு அது அனுகூலம். இருவரிடமும் இருப்பதால் இருவரும் ஏற்றிக் கேட்கிறார்கள். சுத்தியல் விழுகிறது. ஒருவருக்கு வீடு கிடைத்தது, இன்னொருவர் அடுத்த சனிக்கிழமைக்குக் காத்திருக்கிறார், மானியம் விற்றவர் பைக்குள் போயிற்று.

சிங்கப்பூரில் பிடிஓ வீட்டுக்கு, அதாவது விண்ணப்பங்களுக்கேற்ப வீவக கட்டித் தரும் புதிய வீட்டுக்கு, விண்ணப்பிக்கும் தம்பதி யாரோடும் ஏலத்தில் மோத வேண்டியதில்லை. விலையை வீவகவே, சந்தை விலையைவிடக் குறைத்து, முன்கூட்டி அறிவித்துவிடுகிறது. குலுக்கலில் ஒரு வரிசை எண் வரும். எண் சிறியதாக இருந்தால், அழைக்கும் நாளில் போய் எந்த மாடி, எந்த வீடு என்று தேர்ந்தெடுக்கலாம். முன்னால் நிற்கிறவர் மானியம் பெற்றிருந்தாலும் அதனால் இவருடைய வீட்டின் விலை ஒரு வெள்ளிகூட ஏறாது. இங்கே போட்டி விலையைத் தொடாமல் காத்திருப்பில் வந்து இறங்குகிறது. எண் பெரியதாக இருந்தால் அடுத்த சுற்று. எண் அமைந்தாலும் சாவி கைக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள்.

மானியம் கொடுப்பவரே விற்பவராகவும் இருப்பதால்தான் சிங்கப்பூரில் பணம் ஒழுகுவதில்லை. விற்பவர் வேறொருவராக இருந்தால் அங்கும் கதை மாறும். வீவக மறுவிற்பனை வீடுகளை விற்பவர் தனிமனிதர். அவற்றை முதன்முறை வாங்கும் குடும்பத்துக்கு எல்லா மானியங்களும் சேர்ந்து 2,30,000 வெள்ளி வரை கிடைக்கலாம். அந்தச் சந்தையில்தான் 2024இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பத்து லட்சம் வெள்ளிக்கும் அதற்கு மேலும் விலைபோயின. மானியம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆபத்து அரசுக்குத் தெரிந்தே இருந்தது. 2024 ஆகஸ்டில் மானியத்தை உயர்த்திய கையோடு, வீவக கடனை வீட்டு விலையில் 80 விழுக்காட்டிலிருந்து 75 ஆகக் குறைத்தது.

நிலம் யார் கையில்

வீவக மலிவாக விற்கக் காரணம், நிலம் மலிவாகக் கிடைத்ததுதான். 1966இன் நிலக் கையகச் சட்டமும், இழப்பீட்டை 1973 நவம்பர் விலையைத் தாண்டாமல் கட்டிவைத்த திருத்தமும் தீவின் பெரும்பகுதியை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. சந்தை விலையிலேயே இழப்பீடு என்ற நிலை 2007இல்தான் வந்தது. ஆக, சிங்கப்பூர் மானியத்தின் ஒரு பங்கை வரவு செலவுத் திட்டத்தில் தேடினால் கிடைக்காது. சொற்ப விலைக்கு நிலத்தை இழந்த குடும்பங்கள் அதைக் கட்டிவிட்டன.

ஆஸ்திரேலியாவில் இப்படி ஒரு சட்டத்தை எந்தக் கட்சியும் நினைத்துக்கூடப் பார்க்காது. நிலம் தனியாருடையது, எங்கே எத்தனை மாடி கட்டலாம் என்பதை மாநிலங்களும் உள்ளாட்சி மன்றங்களும் முடிவு செய்கின்றன. வீடு கூடாத இடத்தில் பணம் மட்டும் கூடினால் விலைதான் ஏறும். தேவையுள்ளவருக்கு மட்டும் மானியத்தைக் கொடுங்கள் என்று 2004இல் அந்நாட்டின் உற்பத்தித்திறன் ஆணையம் சொன்னது. 2022இல் அதே ஆணையம், இந்த உதவி விலையை ஏற்றுகிறது, பணத்தை வீடற்ற நிலைக்குத் தள்ளப்படுகிறவர்கள் பக்கம் திருப்புங்கள் என்றது.

விற்கும் நாளில்

சிங்கப்பூரின் கணக்கு இங்கேதான் கசக்கும். ஆஸ்திரேலியாவில் ஓராண்டு போலக் குடியிருந்துவிட்டால் வீடு முழுக்க உங்களுடையது. விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். 99 ஆண்டுக் குத்தகை நிலத்தில் வீடுகள் நிற்கும் கான்பெரா மட்டும் விலக்கு. சிங்கப்பூரில் வீவக வீடு பொதுவாக 99 ஆண்டுக் குத்தகைதான். குறைந்தது ஐந்தாண்டு குடியிருக்க வேண்டும். நல்ல இடத்து வீடுகளுக்குப் பத்தாண்டு. விற்றால், பெற்ற மானியத்தை 2.5 விழுக்காடு வட்டியோடு தன் மசேநி கணக்கிலேயே திருப்பிப் போட வேண்டும். குத்தகை முடிந்தால் வீடு இழப்பீடின்றி அரசிடம் திரும்பும் என்பதை 2017இல் அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் வெளிப்படையாக நினைவூட்டினார்.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடத்திலும்) எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு என்று வரம்பு இருக்கிறது. சீனர்களுக்கான வரம்பு நிறைந்த புளோக்கில் ஓர் இந்தியர் விற்க முனைந்தால், மக்கள்தொகையில் முக்கால் பங்கினரான சீனர்கள் அந்த வீட்டை வாங்க முடியாது. கேட்க வருகிறவர்கள் குறைந்தால் விலையும் இறங்கத்தானே செய்யும்? ஒரே இனத்தவர் ஒரே இடத்தில் குவியாமல் இருக்க வந்த விதி, சிறுபான்மையினரின் பணப்பையைத் தொடுகிறது.

எனவே சிங்கப்பூர் வெற்றி, ஆஸ்திரேலியா தோல்வி என்று ஒற்றை வரியில் தீர்ப்பு எழுத முடியாது. நிலம், குத்தகை, யாருக்கு விற்பது என்பதில் மக்கள் விட்டுக்கொடுத்ததன் மேல்தான் சிங்கப்பூரின் மானியம் வேலை செய்கிறது. அந்த விலையைக் கொடுக்க ஆஸ்திரேலியர்கள் தயாராக இல்லை. அதனால் அவர்களின் மானியம் சந்தைக்குள் கரைகிறது. 1971இல் 30 முதல் 34 வயதுள்ள ஆஸ்திரேலியர்களில் நூற்றுக்கு 64 பேர் சொந்த வீட்டில் இருந்தார்கள். 2021இல் 50 பேர்.

2025 அக்டோபர் முதல் ஆஸ்திரேலிய அரசு, 5 விழுக்காடு முன்பணம் வைத்திருக்கும் எந்த முதல் வீட்டுக்காரருக்கும், வருமான வரம்பு பார்க்காமல், வங்கியிடம் உத்தரவாதம் நிற்கிறது. சிட்னியில் 15 லட்சம் டாலர் வீடு வரைக்கும் இது செல்லும். சனிக்கிழமை நடைபாதையில் நிற்கும் தம்பதியிடம் இப்போது மானியத்துக்குப் பதில் அரசின் கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் தம்பதியிடமும் அதே கையெழுத்து இருக்கிறது.