பழைய லோடு வண்டியில் ஸ்டீயரிங் ஆட்டம்: கோளாறு எங்கே என்று நீங்களே பார்க்கலாம்

மாகறலில் அறுவடை முடிந்து, நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் - உத்திரமேரூர் சாலையில் ஏறுகிறீர்கள். எதிரே பஸ் வருகிறது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிக்கிறீர்கள். கை திரும்புகிறது, வண்டி திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் ஒடித்ததும் ஒரேயடியாகத் திரும்பி மண்ணில் இறங்குகிறது.

பழைய டாடா 407 வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். 1986-ல் சந்தைக்கு வந்த வண்டி அது. பட்டறைக்குப் போனால் பல இடங்களில் முதல் வேலையாக ஸ்டீயரிங் பாக்ஸின் மேல் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குருவை முறுக்கி, 'சரியாப் போச்சு' என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆட்டம் குறைந்த மாதிரிதான் தெரியும். ஆனால் பாக்ஸுக்குள் பல் அதிகம் தேய்வது நேராக ஓடும் நடு இடத்தில். நடுவில் இருக்கும் ஆட்டத்தைப் போக்க முறுக்கினால், தேயாத ஓரப் பற்கள் திரும்பும்போது இறுக்கிப் பிடிக்கும். வளைவில் ஒடித்த ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. அதனால் ஸ்குருவில் யாரும் கை வைப்பதற்கு முன், ஆட்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இதற்கு ஒரு ஆள் துணை, ஜாக்கி, டார்ச் லைட் போதும்.

முதலில் காற்றும் லோடும்

டயர் சூடாவதற்கு முன், காலையிலேயே காற்று பாருங்கள். முன் டயர் இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்.

அடுத்து லோடு. கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டை 60 ஏற்றினால் 2.4 டன். உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அனுமதி எடையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எடை சரியாக இருந்தாலும் மூட்டைகளைப் பின் கதவுப் பக்கமாகக் குவித்தால் முன் சக்கரத்தில் பாரம் குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும், வண்டி சாலையில் அலையும். காலி வண்டியை ஒருமுறை, லோடு வண்டியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். லோடில் மட்டும் அலைந்தால் முதலில் மூட்டைகளை முன்னே தள்ளி அடுக்குங்கள்.

லோடு தாங்கட்டும் என்று பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கிறீர்களா? பலர் போடுகிறார்கள். பின்பக்கம் தூக்கினால் முன் ஆக்சிலின் சாய்வு மாறும். ஸ்டீயரிங்கை நேராக வைத்திருப்பதே அந்தச் சாய்வுதான். பட்டை போட்ட பிறகுதான் அலைச்சல் தொடங்கியது என்றால், காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

ஆட்டம் எவ்வளவு?

மட்டமான தரையில் முன் சக்கரத்தை நேராக வைத்து வண்டியை நிறுத்துங்கள். பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜின் ஓடட்டும், கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஸ்டீயரிங் வளையத்தில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, டயர் அசையத் தொடங்கும் வரை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 98-வது விதிப்படி இந்த ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளி அது. 45 சென்டிமீட்டர் அகலமுள்ள வளையத்தில் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் வரும். இது சட்டம் சொல்லும் கடைசி எல்லை. நல்ல வண்டியில் இதில் பாதிகூட இருக்காது.

இப்போது துணை ஆள் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதாக, விடாமல் ஆட்டட்டும். நீங்கள் வெளியே இருந்து பாக்ஸில் தொடங்கி ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். பாக்ஸ் சேசிஸோடு இறுகியிருக்கிறதா, அல்லது பாக்ஸே அசைகிறதா? பழைய வண்டியில் போல்ட் தளர்ந்திருக்கும், சில நேரம் சேசிஸிலேயே விரிசல் இருக்கும். பிறகு டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராட். ஒவ்வொரு பால் ஜாயின்டையும் கையால் பற்றிப் பாருங்கள். விரல் நசுங்காத இடமாகப் பார்த்துப் பிடியுங்கள். ஜாயின்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் ஆட்டம் அங்கேதான். ஸ்டீயரிங் தண்டு திரும்பியும் டிராப் ஆர்ம் அசையவில்லை என்றால் மட்டுமே பாக்ஸைச் சந்தேகப்படுங்கள்.

கிங் பின்னா, பேரிங்கா?

இதில்தான் அதிகம் பணம் வீணாகிறது. பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, அடியில் வலுவான ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டாதீர்கள். டயரின் மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் துணை ஆளைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். அதை டைட் செய்தோ மாற்றியோ சரிசெய்யலாம். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங் பின் புஷ் தேய்ந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டீயரிங் கையில் கிடுகிடுவென்று உதறுவதற்கு இது முக்கியக் காரணம்.

ஸ்டீயரிங் கனமாக இருந்தால், தேய்மானத்தைவிட கிரீஸ் இல்லாமைதான் பெரும்பாலும் காரணம். சேற்று வயலிலும் ஆற்றோர மண் பாதையிலும் ஓடும் வண்டிக்குத் தண்ணீர் கிரீஸைக் கழுவிவிடும். கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது முன் ஆக்சிலைத் தூக்கி வைத்து அடியுங்கள். வண்டி தரையில் நின்றால் பாரம் தாங்கும் பேரிங்குக்குள் கிரீஸ் சரியாகப் போகாது. பழைய கிரீஸ் வெளியே வந்து, புதியது எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். நிப்பிள் அடைத்திருந்தால் புது நிப்பிள் போடுங்கள், விலை சொற்பம்தான்.

ஒரே பக்கம் இழுத்தால்

முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால், சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, இரு முன் டிரம்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சூடு தெரியும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடாமல் பிடிக்கிறது.

இரண்டும் இல்லை என்றால், முன் சக்கரத்தை நேராக வைத்து, முன் ஹப்பின் நடுவிலிருந்து பின் ஹப்பின் நடு வரை இரு பக்கமும் கயிறு பிடித்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குட்டையாக இருந்தால் ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் ஒடிந்து ஆக்சில் நகர்ந்திருக்கலாம். யூ போல்ட் தளர்ந்த வண்டியில் இது நடக்கும். இந்த நிலையில் லோடு ஏற்றவே கூடாது.

டை ராட், ஸ்டீயரிங் ஆர்ம் எதையும் வெல்டிங் வைத்து ஓட்ட வேண்டாம். புதிதுதான் போட வேண்டும். நட்டைக் கழற்றினால் பழைய ஸ்பிளிட் பின்னையே திருப்பிப் போட விடாதீர்கள். அலைன்மென்ட் கடைசி வேலை; ஜாயின்ட் ஆடும்போது செய்யும் அலைன்மென்ட் ஒரு வாரம்கூட நிற்காது.

98-வது விதி ஆட்டத்தை மட்டும் சொல்லவில்லை. பால் ஜாயின்ட்களுக்கு ரப்பர் கேப் இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் லாக் ஆகியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 8 ஆண்டு தாண்டிய லோடு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டியிருப்பதால், கிழிந்த கேப்பை அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். கேப் கிழிந்த ஜாயின்டுக்குள் சேறு போய்விட்டால் அடுத்த அறுவடை வரை அது தாங்காது.