ஏலேலோ: வணிகன் பெயரா, கயிற்றுத் தாளமா?

கயிறு இழுக்கும் போட்டின்னா பிள்ளைங்க வாயில தானா வர்ற சொல் ‘ஏலேலோ ஐலசா’. இது எங்கிருந்து வந்தது?

வழக்கமா சொல்ற கதை இது: ஏலேலசிங்கன்னு ஒரு கடல் வணிகன், திருவள்ளுவரோட நண்பன். கப்பல் ஆட்கள் அவன் பேரைச் சொல்லிப் பாடினாங்க, அதுவே ஏலேலோ ஆச்சு. கேட்க நல்லா இருக்கு. ஆனா செவிவழிக் கதைதான்.

இங்கிலாந்திலும் இப்படி ஒண்ணு உண்டு. ‘ரிங் எ ரிங் ஓ ரோசஸ்’ பாட்டு 1665 பிளேக் நோயைப் பத்தினதுன்னு சொல்வாங்க. அந்தப் பாட்டு அங்கே அச்சில் வந்ததோ 1881இல். பிளேக் விளக்கம் பரவினது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு.

தூத்துக்குடிக் கரையில வேற விளக்கம் கிடைக்கும். வலை இழுக்கவும் தண்டு வலிக்கவும் பாடுறது அம்பாப் பாட்டு. ஒருத்தர் அடி எடுத்துக் கொடுப்பார். மத்தவங்க ஏலேலோ, ஐலசான்னு வாங்கிக்குவாங்க. அந்தச் சத்தத்துல எல்லார் கையும் ஒண்ணா இழுக்கும். ஒரு கை பிந்தினா, பாரம் அடுத்தவர் தோள்ல. அப்போ அது பொருளில்லாத சொல் இல்லை. வேலைதான் அதோட பொருள்.

இந்தக் கடல்ல கயிறுன்னா உயிர். முத்துக்குளிப்பு நடந்த காலத்துல, குளிக்கிறவர் கல்லோட கனத்துல கீழே இறங்கினார். அவர் கயிற்றைச் சுண்டினதும் தோணியில இருந்தவர் உடனே தூக்கியாக வேண்டியிருந்தது.

வணிகன் பேரு கதையில நிக்குது. இழுத்தவங்க பேரு தெரியாது. ஏலேலோவையும் வணிகனுக்கே கொடுத்துட்டா, அவங்க விட்டுப்போன குரலும் போயிடும்.